காரியாபட்டிக்காரர்கள் கண்ட கடல்

எங்கள் வீட்டில் யாரும் சும்மா எங்கும் போனதில்லை. கல்யாணம், காதுகுத்து, கேதம், இல்லையென்றால் கோர்ட்டில் வாய்தா. இந்த நான்கில் ஒன்று இருந்தால்தான் காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் போய் நிற்க முடியும். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஒருவர், கடலைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தால் வேப்பிலை அடிக்க ஆள் கூப்பிட்டிருப்பார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்த் திதி கொடுக்கப் போகிறோம் என்றால் மறுபேச்சு கிடையாது; கைமாற்றாகப் பணம்கூடக் கிடைக்கும். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகு அப்பத்தா பிடித்துக்கொண்ட வழி இது. திதி தாத்தாவுக்கு, கடல் அப்பத்தாவுக்கு. ஒருநாளும் அவள் இதை ஒத்துக்கொண்டதில்லை.

ஆடி எங்கள் கரிசல் பக்கம் கை ஓய்ந்த மாதம். உழவு முடிந்து நிலம் வாய் பிளந்து கிடக்கும். பருத்தியோ சோளமோ, விதைப்பதெல்லாம் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான். பள்ளிக்கூடம்தான் எங்களுக்கு இடைஞ்சல். லீவு லெட்டரில் ‘திதி’ என்று எழுதிவிட்டால் வாத்தியாரால் ஒன்றும் சொல்ல முடியாது. “வர்றப்ப ஒரு சங்கு வாங்கிட்டு வாடா” என்பதோடு விட்டுவிடுவார்.

காரியாபட்டிக்கு ரயில் கிடையாது. விடிவதற்குள் மதுரை பஸ்ஸைப் பிடித்து, ஜங்ஷனில் இறங்கி, ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட வேண்டும். அப்போது மீட்டர்கேஜ். சிலைமான், திருப்புவனம், திருப்பாச்சேத்தி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, ஆள் ஏற்றி, மூட்டை ஏற்றிப் போகும். வைகையும் கூடவே வரும், தண்ணீர் இல்லாமல். மானாமதுரையில் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோறு. பரமக்குடி, ராமநாதபுரம் தாண்டியதும் மண் வெளுக்கத் தொடங்கும். உச்சிப்புளி வரும்போது கன்னத்தில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். “வந்துருச்சு” என்பாள் அப்பத்தா. அவளுக்குக் கடல் முதலில் தோலில்தான் தெரியும்.

மண்டபத்தோடு ரோடு முடிந்துவிடும். பாம்பனுக்குக் குறுக்கே சாலைப் பாலத்தை ராஜீவ் காந்தி திறந்து வைத்தது 1988 அக்டோபர் 2-ஆம் தேதி. அதற்கு முன் தரை வழியாகத் தீவுக்குள் போக 1914-இல் கட்டிய ரயில் பாலம் ஒன்றுதான். காரில் வந்த பணக்காரர்கள்கூடக் காரை ரயிலில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்பதில் எங்களுக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது.

ஆடிக் காற்றில் வண்டி மண்டபத்திலேயே நின்றுவிடும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் பாலத்தில் ரயில் விடக் கூடாது என்பது அப்போது ரயில்வேயின் கணக்கு. மதுரைப் பக்கத்து ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துப் புலம்புவார்கள். எங்களுக்கு அவசரமே இல்லை. இரண்டு நாளைக்கு அப்பத்தா எந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை, அது ராமேஸ்வரத்தில் ஆனால் என்ன, மண்டபத்தில் ஆனால் என்ன. பிறகு வண்டி நடக்கிற வேகத்தில் பாலத்துக்குள் நுழையும். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். பக்கத்தில் கைப்பிடிச் சுவர் கிடையாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினால் காலுக்குக் கீழே நேராகத் தண்ணீர். பெண்கள் காசு எறிவார்கள். நடுவில் கப்பலுக்குத் திறக்கும் தூக்குப் பாலம் வரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் அதைத் தூக்குவார்கள் என்று பெரியப்பா சொல்வார். அது திறந்து நான் ஒருமுறையும் பார்க்கவில்லை. நாங்கள் போகிறபோதெல்லாம் கப்பல்காரர்களுக்கு வேறு ஊரில் வேலை.

தீவில் தங்கியது ஒரு மடத்தில். அந்த மூட்டைப்பூச்சிகளைப் பற்றி எழுதினால் வேறு கட்டுரையாகிவிடும்.

அக்னி தீர்த்தத்தில் முழுகி, திதி முடித்து, ஈரத் துணியோடு கோயிலுக்குள். அங்கே 22 தீர்த்தம். பெரும்பாலும் கிணறுகள்தான். கைப்பிடிச் சுவர் மேல் ஆள் ஏறி நின்று, கயிறு கட்டிய சின்ன வாளியை விட்டு இழுத்து, தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வாளி ஐந்தாறு பேருக்கு. குழந்தைகளுக்கு மூச்சு முட்டும். அண்ணன் பிராகாரத்துத் தூண்களை எண்ணப் போய்விடுவான். 1212 என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அவன் ஒவ்வொரு முறையும் முதல் திருப்பத்துக்குள்ளேயே கணக்கை விட்டுவிடுவான்.

அப்பத்தா செய்தது வேறு. ஒவ்வொரு கிணற்றிலும் தலையில் விழுவதில் ஒரு கையைக் குவித்து ஏந்தி, குடித்துப் பார்த்தாள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. காரியாபட்டியில் எங்கள் வீட்டுக் கிணறு கடலிலிருந்து ஒரு பகல் பயணம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிப்பதற்கு ஊருணிக்குப் போக வேண்டும், ஊருணி வற்றினால் குண்டாற்றில் ஊற்றுத் தோண்ட வேண்டும். “இதென்ன அநியாயம்! கடலுக்குள்ள இருக்கிறவன் நல்ல தண்ணி குடிக்கிறான், நாம உப்பைக் குடிச்சிட்டு வந்து சாமி கும்பிடுறோம்” என்று கோடி தீர்த்தத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாள். பாவம் கழுவ வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது.

மறுநாள் தனுஷ்கோடி. ரோடு கிடையாது. வேன் ஒன்று மணலிலும் அலை நுனியிலுமாக ஆடி ஆடிப் போகும். தடம் தெரிந்த டிரைவர் வேண்டும். வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா ஆடிக் காற்றில் எகிறிக்கொண்டிருக்கும், இடது கைப் பக்கம் அலையே இருக்காது. ஆண் கடல், பெண் கடல் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இடிந்த மாதா கோயில், ரயில்வே ஸ்டேஷனின் சுவர், தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் மிச்சம். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை ஆட்களோடு அடித்துக்கொண்டுபோனது. பாம்பன் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் நிமிர்த்தியவர் ஈ. ஸ்ரீதரன், பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டியவர். தனுஷ்கோடியை மட்டும் யாரும் நிமிர்த்தவில்லை. குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கம் எழுதிவைத்தது. மீனவர்கள் அதைக் காதில் வாங்காமல் திரும்பி வந்து குடிசை போட்டார்கள்.

அப்பத்தா டிரைவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “கண்டிக்குப் போற கப்பல் எந்த இடத்துல நின்னுச்சு?” புயலுக்கு முன் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் இங்கிருந்துதான் போனது. அவளுடைய அண்ணன் ஒருவர் இளவயதில் மண்டபம் கேம்ப்பில் தடுப்பூசி போட்டுக்கொண்டு தேயிலைக்குப் போனவர். டிரைவர் தோராயமாகக் கையைக் காட்டினார். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் “சரி, தண்ணி எங்கப்பா குடிக்கிறீங்க?” என்றாள்.

குடிசைகளுக்குப் பின்னால் ஒரு பெண் மணலில் முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பறித்துக்கொண்டிருந்தாள். அடியில் ஈரம் கசிந்தது, மெல்லக் கலங்கல் சேர்ந்தது. முதல் இரண்டு கொட்டாங்குச்சித் தண்ணீரை அள்ளிக் கொட்டினாள். பொறுத்தாள். மூன்றாவது தெளிந்து வந்தது. குடத்தின் வாயில் துணி கட்டி, ஒவ்வொரு கொட்டாங்குச்சியாக ஊற்றினாள். நின்ற இடத்திலிருந்து இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. “குடிச்சுப் பாருங்க ஆத்தா” என்று ஒன்றை நீட்டினாள். அப்பத்தா குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், இன்னொன்று வாங்கிக் குடித்தாள்.

“ஏந்தாயி, எங்க குண்டாத்துலயும் இப்பிடித்தான் தோண்டுவோம். ஆனா ரெண்டு ஆள் மட்டம் எறங்கணும்.”

“ஆழமாத் தோண்டுனா உப்பாயிரும் ஆத்தா. மேலாப்புலதான் நல்லது.”

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது காலேஜில் படிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. மழைநீர் கடல்நீரைவிட லேசு. மணலுக்குள் இறங்கிய மழை, அடியிலிருக்கும் உப்புநீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினால் நிற்கும். மோட்டார் வைத்து இழுத்தால் கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும். எங்கள் ஊரில் முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று போர் போட்டுக் கரிப்புத் தண்ணீரை எடுத்தவர்களை அந்தப் பெண்ணிடம் பாடம் படிக்க அனுப்பியிருக்கலாம்.

தீவுக்குப் போவது என்றதும் இன்னொரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். அண்ணன் மகன் இப்போது கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறான். ஒரு கோடையில் பாரா என்ற தீவுக்குப் போயிருந்தான். ஸ்காட்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. கடல் வற்றும் நேரம் பார்த்து விமானம் கடற்கரை மணலிலேயே இறங்குமாம். வீடியோ அனுப்பினான், நம்ப முடியவில்லை. என்னப்பா விசேஷம், எதுக்குப் போனாய் என்று கேட்டேன். “சும்மாதான் சித்தப்பா” என்றான். நான்கு தலைமுறையில் எங்கள் வீட்டில் ஒருவனாவது சும்மா ஒரு தீவுக்குப் போய்விட்டானே என்று நிம்மதியாக இருந்தது.

அந்தக் கடலில் இன்னும் தள்ளி செயின்ட் கில்டா என்று ஒரு தீவுக்கூட்டம். 1930 ஆகஸ்ட் 29-இல் அங்கே மிஞ்சியிருந்த 36 பேரும், இனி இங்கே காலம் தள்ள முடியாது என்று தாங்களே மனுக் கொடுத்து, கப்பலேறி வெளியேறினார்கள். போகும்போது வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் தானியம் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். தனுஷ்கோடிக்காரர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவர்கள் கிளம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊற்றுத் தண்ணீர் இருக்கிற இடத்தை விட்டு யார் போவார்கள்?

திரும்பும்போதுதான் வழக்கமான சண்டை. திதி கொடுத்த கையோடு கருவாடு வாங்கலாமா? பெரியம்மா கூடாது என்பார். அப்பத்தா சத்தமில்லாமல் பாம்பன்காரம்மா ஒருத்தியிடம் நெத்திலியும் பன்னாவும் பேரம் பேசி முடித்திருப்பாள். கடைசியில் ஒரு தீர்ப்பு: தீர்த்தச் செம்பும் கருவாட்டுப் பொட்டலமும் ஒரே பையில் வரக் கூடாது. செம்பு பெரியம்மா மடியில். கருவாடு எங்கள் பள்ளிக்கூடப் பையில். வாத்தியாருக்கு வாங்கிய சங்கு ஒரு வாரம் நெத்திலி வாடை வீசியது. அவரும் பூஜை அறையில் வைக்காமல் மேஜையில் காகிதத்துக்குப் பாரமாக வைத்துக்கொண்டார்.

இப்போது காரியாபட்டியில் விடியற்காலம் காரை எடுத்தால் காலைச் சாப்பாட்டுக்கு ராமேஸ்வரம். அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு, 2017-இலிருந்து. பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரோடு ஓய்ந்தது. பக்கத்திலேயே புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தார்கள், நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலே ஏறுகிறது, கையால் சுற்ற ஆள் வேண்டாம். எங்கள் ஆட்கள் யாரும் இரவு தங்குவதில்லை. பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், கோயில், அரிச்சல்முனையில் செல்ஃபி, பொழுது சாய ஊர்.

போன ஆடிக்கு அத்தையையும் அழைத்துக்கொண்டு போனோம். அப்பத்தாவின் கடைசி மகள், தண்ணீர் விஷயத்தில் தாயைப் போலவே. தனுஷ்கோடி ரோட்டோரக் கடையில் தண்ணீர் பாட்டில் அடுக்கியிருந்த பெண்ணிடம், “இங்க ஊத்து இருக்குமே தாயி, இன்னும் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கே. எங்க வீட்டுக்கு அதான் குடிக்கிறோம்” என்றாள் அவள். “பாட்டில் உங்களுக்கு.”

இரண்டு பாட்டில் வாங்கினோம். அத்தை தொடவில்லை.