ரைன் கரையோரம் – 6: யாரும் திருத்தாத ஜெர்மன்

கொலோனில் நான் தங்கியிருந்த நண்பர் வீட்டில் இரண்டு குழந்தைகள். அவர்களைக் கவனித்துக்கொள்ள மடகாஸ்கரிலிருந்து வந்த ஓர் இளம்பெண். இப்படி வருகிறவர்களை ‘ஓ பேர்’ என்கிறார்கள். வீட்டோடு தங்கி, வாரம் 30 மணி நேரத்துக்கு மிகாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, சில்லறை வேலைகளும் செய்ய வேண்டும். அறையும் சாப்பாடும் உண்டு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்குத் தனியாக 70. இதற்குக் கலாசாரப் பரிமாற்றம் என்று பெயர்; 1969இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஐரோப்பிய ஒப்பந்தமே எழுதினார்கள். குறைந்த செலவில் ஆள் கிடைப்பதற்கு இவ்வளவு கௌரவமான பெயரா என்று எனக்குத் தோன்றியது. நண்பரிடம் சொல்லவில்லை. அவர் வீட்டில்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்!

“ஞாயிற்றுக்கிழமை நாங்கள் டிராகன்ஃபெல்ஸ் மலைக்குப் போகிறோம். வருகிறீர்களா?” என்று அவளே கேட்டாள்.

‘நாங்கள்’ என்றால் மொழி வகுப்பில் சேர்ந்த ஓ பேர் கூட்டம்: ஜார்ஜியா, கொலம்பியா, இந்தோனேசியா, மடகாஸ்கர். மாதத்தில் ஒரு ஞாயிறாவது விடுமுறை தர வேண்டும் என்பது விதி. ஆனால் எல்லோருக்கும் ஒரே ஞாயிறு அமைய வேண்டுமே! வாட்ஸப்பில் பெரிய பேரமே நடந்திருக்கிறது.

மலையடிவார ஊரான கோனிக்ஸ்வின்டருக்கு உள்ளூர் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நாடு முழுக்க இத்தகைய ரயில்களில் செல்லும் மாதச் சீட்டு 2023இல் 49 யூரோவுக்கு வந்தது. பிறகு விலை ஏறிவிட்டது. யார் வீட்டில் அதை வாங்கித் தருகிறார்கள், யார் வீட்டில் இல்லை என்பதுதான் வண்டியில் முதல் பேச்சு.

மலை 321 மீட்டர்தான். 1883 முதல் பல்சக்கர ரயில் ஏறி இறங்குகிறது. இவர்கள் காசை மிச்சம் பிடித்து நடந்தார்கள். நானும் மூச்சு வாங்க நடந்தேன். சீக்ஃப்ரீட் என்ற வீரன் டிராகனைக் கொன்றது இங்கேதான் என்பது கதை. கொலோன் பேராலயத்தின் பழைய பகுதிக்குக் கல் வெட்டியதும் இங்கேதான், அது கதையல்ல. உச்சியில் இடிந்த கோட்டை, கீழே ரைன்.

ஞாயிறன்று கடைகள் அடைப்பு என்பதால் சனிக்கிழமையே சமைத்திருந்தார்கள். ஜார்ஜியாவின் சீஸ் ரொட்டியான கச்சாபுரி, கொலம்பியாவின் சோள ரொட்டியான அரெப்பா, ஒரு பாட்டில் இந்தோனேசிய மிளகாய்ச் சம்பல். எங்கள் வீட்டுப் பெண் கொண்டுவந்த முஃபு காசி அரிசி மாவில் குழிக்கல்லில் சுட்டது; அசல் இனிப்புப் பணியாரம். குழிக்கல்லை ஊரிலிருந்தே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாளாம்.

இவர்களுக்குள் பொதுமொழி ஜெர்மன். அதுவும் கையும் காலும் ஒடிந்த ஜெர்மன். வீட்டில் நான்கு வயதுப் பையன்கூட அவளுடைய பால் விகுதிகளைத் திருத்துவான், நானே பார்த்திருக்கிறேன். இங்கே திருத்த ஆள் இல்லை. வீட்டில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறவள், இங்கே யாரையும் பேசவிடவில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய பரிமாற்றம் நண்பரின் சமையலறையில் நடந்ததோ இல்லையோ, இந்தப் பாறைமேல் நடந்தது.

நவம்பர் 11 நெருங்கிக்கொண்டிருந்தது. புனித மார்ட்டின் நாளன்று மாலை குழந்தைகள் காகித லாந்தர்களோடு பாடிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். பிள்ளைகளோடு இவர்களும் நடக்க வேண்டும். அதனால் பாட்டுப் பயிற்சி. கைபேசியில் வரிகளைப் பார்த்து ஆளுக்கொரு சுருதியில் இழுத்தார்கள். ஜார்ஜியப் பெண் சற்று நேரம் பொறுத்தாள். பிறகு அடிக்குரலில் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தாள். பல குரல்களை அடுக்கிப் பாடுவதில் பேர்போன நாடு அல்லவா! அடுத்த முறை கொலம்பியப் பெண்ணுக்கு மேலே ஒரு குரல் கொடுத்தாள். முக்காடிட்ட இந்தோனேசியப் பெண் தாளம் போட்டாள். ஜெர்மன் மழலைப் பாட்டு காகசஸ் மலைப்பாட்டாக மாறிவிட்டது. நடைபயணம் வந்த ஜெர்மானியத் தம்பதி நின்று கேட்டுவிட்டு, எந்த நாட்டுப் பாட்டு என்று விசாரித்தார்கள்!

“உங்கள் நாட்டுப் பாட்டுதான்” என்றாள் மடகாஸ்கர்க்காரி, பால் விகுதியில் ஒரு பிழையோடு. அவர்களும் திருத்தவில்லை.

அதே 11ஆம் தேதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கொலோனில் கார்னிவல் பருவமும் தொடங்கும். பகலில் வேடதாரிகள், இரவில் லாந்தர்கள். அந்தக் கூத்து அடுத்த வாரம்.