கான்லெஸ் ஆற்றங்கரை ஊரும் அதன் வெள்ளிக் கோப்பையும்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹாம் மாவட்டத்தில், வெஸ்ட் ஆக்லாந்து என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. நடுவில் நீண்டு கிடக்கும் பச்சைத் திடல், அதைச் சுற்றி வீடுகள், பழைய மாளிகை ஒன்று, ஊரை ஒட்டி ஓடும் கான்லெஸ் என்னும் சிற்றாறு. இந்த ஊருக்கு வருகிறவர்களில் சிலர் மேரி ஆன் காட்டன் குடியிருந்த வீட்டைத்தான் விசாரிப்பார்கள். நஞ்சு வைத்துக் கொன்றாள் என்று 1873இல் டர்ஹாம் சிறையில் தூக்கிலிடப்பட்டவள் அவள். எனக்கு அந்த வீட்டில் அக்கறை இல்லை. எனக்குப் பிடித்த இடம் ஆற்றங்கரைதான். அங்கே பாலம் இல்லாமல் பாலத்தின் கல்தாங்கிகள் மட்டும் நிற்கின்றன.

ஸ்டாக்டன்–டார்லிங்டன் ரயில் பாதைக்காக ஜார்ஜ் ஸ்டீஃபன்சன் வடிவமைத்த இரும்புப் பாலம் அந்தத் தாங்கிகளின் மேல் இருந்தது. ரயில் ஓடுவதற்கென்று கட்டப்பட்ட உலகின் முதல் இரும்புப் பாலங்களில் ஒன்று. 1823இல் கட்டினார்கள், மறுஆண்டு வெள்ளத்தில் சேதப்பட்டது, இன்னொரு கண் சேர்த்துத் திரும்பக் கட்டி 1825இல் பாதையைத் திறந்தார்கள். மேலே ஒரு கம்பி வில்லாக வளைந்து ஏறும், கீழே ஒன்று அதே அளவுக்கு வளைந்து இறங்கும், இரண்டையும் செங்குத்துக் கம்பிகள் பிணைக்கும். அதன் மேல் நிலக்கரி வண்டிகள் போயின. 1901இல் இரும்பைக் கழற்றினார்கள். பிறகு அது யார்க் நகரத்து ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஊருக்கு மிஞ்சியது கல் மட்டும்.

இந்த ஊரின் கால்பந்து வரலாறும் அந்தக் கல்தாங்கி மாதிரிதான். தாங்கியது இருக்கிறது, தாங்கப்பட்டது வேறெங்கோ போய்விட்டது.

ஊரின் கால்பந்து மன்றத்தின் ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1893இல் ஆக்லாந்து செயின்ட் ஹெலன்ஸ் என்ற பெயரில் தொடங்கியது, பிறகு வெஸ்ட் ஆக்லாந்து ஆனது, 1908இல் நார்தர்ன் லீக்கில் சேர்ந்தது. உலகின் பழைய கால்பந்து லீக்குகளில் இரண்டாவது என்று சொல்லப்படும் லீக் அது, 1889இல் தொடங்கியது. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு மன்றம் கடனில் மூழ்கிக் கலைந்தது. 1914இல் 'டவுன்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு மறுபடி எழுந்தது. சம்பளத்துக்கு ஆடும் நான்கு பெரிய பிரிவுகளுக்குக் கீழே இங்கிலாந்தில் அடுக்கடுக்காகச் சிறு லீக்குகள் உண்டு. 'நான்-லீக்' என்று அவற்றைச் சொல்வார்கள். வெஸ்ட் ஆக்லாந்து அந்த அடுக்குகளில் ஒன்றில்தான் காலமெல்லாம் ஆடி வருகிறது.

ஆனால் 1909இலும் 1911இலும் நடந்தது வேறு கதை.

இத்தாலியின் டூரின் நகரில் சர் தாமஸ் லிப்டன் பெயரில் ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. கோப்பையைக் கொடுத்தவர் லிப்டன். இங்கிலாந்தின் கால்பந்து சங்கம் அணி அனுப்பவில்லை. போனது வெஸ்ட் ஆக்லாந்தின் ஆட்டக்காரர்கள், பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். அந்தப் பருவத்தில் நார்தர்ன் லீக் பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணி அது. பயணச் செலவுக்காகச் சிலர் வீட்டுச் சாமானை விற்றார்கள், அடகு வைத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கேப்டன் பாப் ஜோன்ஸ். அரையிறுதியில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் ஸ்போர்ட்ஃப்ராய்ண்டே அணியை 2–0 என்று வென்றார்கள். ஏப்ரல் 12, ஈஸ்டர் திங்கள் அன்று இறுதியாட்டம். எதிரணி சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர். அதையும் 2–0 என்று முடித்தார்கள்.

இரண்டு ஆண்டு கழித்துக் கோப்பையைக் காக்க மறுபடி டூரின் போனார்கள். அரையிறுதியில் சூரிக் அணியை 2–0. இறுதியில் யுவென்டஸ். இன்று உலகமெல்லாம் ரசிகர்கள் இருக்கும் அதே யுவென்டஸ்தான். 6–1 என்று ஜெயித்தார்கள். அன்றும் ஈஸ்டர் திங்கள், 1911 ஏப்ரல் 17. இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமானது.

இதை 'முதல் உலகக் கோப்பை' என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1909இல் ஆடியவை நான்கே அணிகள். வந்தவை ஐரோப்பாவின் நான்கு நாடுகளிலிருந்து. அதிலும் முந்தைய ஆண்டு, 1908இல், அதே டூரினில் இன்னொரு சர்வதேசப் போட்டி நடந்து ஸ்விஸ் அணியான செர்வெட் வென்றிருந்தது. 'முதல்' என்ற பட்டத்துக்கு அவர்களும் உரிமை கேட்கலாம். உலகக் கோப்பை என்று பெயர் சூட்டாமலே இந்த வெற்றி பெரியது. யுவென்டஸை ஆறு கோல் அடித்து வீழ்த்திய சுரங்கத் தொழிலாளிகளுக்கு எதற்கு இரவல் பட்டம்?

இனி, எனக்கு ஆத்திரம் தரும் கதைக்கு வருகிறேன். வெஸ்ட் ஆக்லாந்தைப் பற்றி எங்கே படித்தாலும் இது வந்துவிடும். லிப்டன், லண்டனுக்கு அருகில் இருந்த வூல்விச் ஆர்சனல் அணியைத்தான் அழைக்கச் சொன்னாராம். அதுதான் பின்னால் ஆர்சனல் என்று பெயர் சுருங்கிய அணி. அவருடைய செயலாளர் 'டபிள்யூ. ஏ.' என்ற இரண்டு எழுத்துகளைப் பார்த்துவிட்டு, வெஸ்ட் ஆக்லாந்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டாராம். சுரங்கக்காரர்களும் அதை நம்பிப் புறப்பட்டுப் போனார்களாம்.

கேட்க இனிக்கும் கதைதான். ஆனால் அதை நிறுத்தி வைத்துப் பாருங்கள். வூல்விச் ஆர்சனல் அப்போது முதல் பிரிவில் சம்பளத்துக்கு ஆடிய அணி. ஈஸ்டர் நாட்கள் என்றால் ஆங்கில லீக் அணிகளுக்கு அடுத்தடுத்து ஆட்டம் இருக்கும், வசூல் கொட்டும் நாட்கள் அவை. லீக் ஆட்டத்தை விட்டுவிட்டு ஈஸ்டர் திங்களில் டூரின் போக எந்த முதல் பிரிவு மன்றத்துக்கும் வழி கிடையாது. கால்பந்தில் இவ்வளவு ஆர்வம் காட்டிய லிப்டனைச் சுற்றி இருந்தவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? சரி, முதல் முறை கடிதம் தவறி வந்தது என்றே வைத்துக்கொள்வோம். வந்து கோப்பையை வென்ற அணி யார் என்று 1911இல் எல்லாருக்கும் தெரியும். அப்போதும் அவர்கள்தான் போனார்கள். தவறான கடிதம் என்று ஒன்றை யாரும் காட்டியதும் இல்லை.

இதே இரண்டு எழுத்துகள் மன்றத்தின் வாழ்வில் உண்மையாகவே இன்னொரு முறை வந்தன. 1961இல் அமெச்சூர் கோப்பையின் இறுதியாட்டத்துக்காக வெஸ்ட் ஆக்லாந்து வெம்ப்ளி மைதானம் போனது. எதிரே நின்ற அணி வால்தம்ஸ்டோ அவென்யூ. அதுவும் 'டபிள்யூ. ஏ.'தான். 2–1 என்று வெஸ்ட் ஆக்லாந்து தோற்றது. இது பதிவில் உள்ள செய்தி. இதை யாரும் சொல்வதில்லை, இல்லாத கடிதத்தைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

என் கோபம் இதுதான். அந்தக் கதை அவர்களின் உழைப்பைக் களவாடுகிறது. நிலத்தடியில் வேலை பார்த்துவிட்டு, கையில் காசில்லாமல் கடல் தாண்டிப் போய் இரண்டு முறை வென்றவர்களை, ஏதோ ஒரு எழுத்தரின் கவனக்குறைவால் விளைந்தவர்களாக அது ஆக்கிவிடுகிறது. பெரிய அணி போயிருக்க வேண்டிய இடம், இவர்கள் இடையில் நுழைந்தார்கள் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. உழைக்கிறவன் ஒன்றைச் சாதித்தால் அது விபத்தாகத்தான் இருக்கும் என்ற பழைய மேட்டிமைதான் அது.

கோப்பையின் மறுமுனையிலும் இதே கதிதான். தமிழ் வாசகருக்கு லிப்டன் என்ற பெயர் புதிதல்ல. கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, 1871இல் முதல் மளிகைக் கடையைத் திறந்து, பிறகு நாடெங்கும் கடை பரப்பியவர் அவர். 1890இல் இலங்கை மலைநாட்டுக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்ன தோட்டம் அவருடையது. அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன மக்கள். லயத்தில் குடியிருந்து, விடியும் முன் மலை ஏறி, கூடை நிறைத்தவர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. லிப்டன் நின்று தன் தோட்டங்களைப் பார்த்தார் என்று சொல்லப்படும் மலை உச்சிக்கு இன்று 'லிப்டன் சீட்' என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் அங்கே அவருடைய சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மளிகையிலும் தேயிலையிலும் வந்த பணத்தில் வார்த்த வெள்ளி அது. கொழுந்து பறித்த கைகளுக்கும் கரி வெட்டிய கைகளுக்கும் நடுவில் அந்தக் கோப்பை நின்றது. இரண்டு பக்கமும் நிலைத்த பெயர் ஒன்றே, லிப்டன்.

கோப்பை ஊரில் நிம்மதியாகவும் இருக்கவில்லை. 1911 பயணத்தின் கடன் மன்றத்தை அழுத்த, 'வீட்ஷீஃப்' விடுதியை நடத்திய அம்மையாரிடம் 40 பவுண்டுக்கு அதை ஒப்படைத்தார்கள். உலகப் போர்கள் இரண்டும் வந்து போயின. கோப்பை கை மாறியதிலிருந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1960இல், மன்றத்தார் அவரைத் தேடிப் பிடித்து 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். கரிச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலம். வேலையும் வருமானமும் குறைந்துகொண்டிருந்த ஊர் பணம் திரட்டி ஒரு கோப்பையை மீட்டது என்பது எனக்கு 6–1 வெற்றியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 1982இல் டெனிஸ் வாட்டர்மேன் கேப்டன் வேடத்தில் நடித்த தொலைக்காட்சிப் படம் இந்தக் கதையை நாடெங்கும் கொண்டுபோனது.

பிறகு 1994 ஜனவரியில் திருடன் வந்தான். தொழிலாளர் மன்றக் கட்டடத்தில் வைத்திருந்த கோப்பை போயிற்று. இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது அதைப் பார்த்துச் செய்த நகல்.

திருடனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரிய நகரத்து அருங்காட்சியகங்கள் அரசர்களின் கரண்டிக்குக்கூடக் கண்ணாடிக் கூண்டும் காவலும் வைக்கும். பாட்டாளிகளின் ஒரே வெள்ளியைக் காப்பதற்கு ஒரு ஊர் தன் கைக்காசையும் தன் பூட்டையும்தான் நம்ப வேண்டியிருந்தது. பாலத்தின் இரும்பைத் தேடி வந்து எடுத்துப்போகத் தெரிந்த நாட்டுக்கு, கோப்பையை ஊரிலேயே பத்திரமாக வைக்க உதவத் தெரியவில்லையே! பாலம் ஸ்டீஃபன்சனுடையது என்பதால் அதற்கு மதிப்பு. கோப்பை பாப் ஜோன்ஸுடையது, அதற்கு மதிப்பில்லை.

பச்சைத் திடலில் 2013இல் நினைவுச் சிலை ஒன்று எழுந்தது, சிற்பி நைஜல் பூனம். அது நல்ல காரியம். அதற்குச் சற்று முன்னும் பின்னும், 2012இலும் 2014இலும், அணி, சிறு மன்றங்கள் மோதும் வாஸ் கோப்பையின் இறுதியாட்டத்துக்காக மறுபடி வெம்ப்ளி போனது. டன்ஸ்டனிடம் 2–0, ஷோலிங்கிடம் 1–0 என்று தோற்றது. இரு முறை தோற்றும் ஊர் கூட்டமாகத் திரண்டு போனதே, அதை எழுதுகிறவர்கள் குறைவு. நூற்றாண்டு விழாவுக்காக 2009இல் டூரின் போய் யுவென்டஸின் இளைஞர் அணியோடு ஆடித் தோற்றதையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கடிதக் கதைக்கு மட்டும் பத்தி பத்தியாக இடம் கிடைக்கிறது.

டர்ஹாம் பேராலயத்தைப் பார்க்கப் போகும் தமிழர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியவர்கள், வேலைக்குப் போனவர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை பிற்பகலை ஒதுக்கி வெஸ்ட் ஆக்லாந்து போங்கள். முதலில் ஆற்றங்கரைத் தாங்கிகளைப் பாருங்கள், பிறகு திடலில் உள்ள சிலையை. அணி உள்ளூரில் ஆடும் நாளாக இருந்தால் டார்லிங்டன் சாலை மைதானத்தில் சீட்டு வாங்கி உட்காருங்கள். அப்புத்தளையில் உறவு உள்ளவர்கள் கட்டாயம் போங்கள். யாராவது அந்த 'டபிள்யூ. ஏ.' கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், மரியாதையாக இடைமறித்து, 1911இல் அழைத்தது யாரை என்று கேளுங்கள்.