புத்தகமும் பந்தியும்

மரபு என்று நம் வட்டத்தில் பேசும்போது பெரிய மரபுகளைப் பற்றியே பேசுகிறோம். சங்கம், பக்தி, காவியம். நாற்பது குடும்பங்களுக்குள் அடங்கிவிடும் ஒரு சபைக்கும் மரபு உண்டு. அதன் பாரம் தோளில் ஏறும் விதம் வேறு.

நான் சொல்வது காவிரிக் கடைமடையில் இருக்கும் எங்கள் லுத்தரன் சபையை. ஆயர் பல ஊர்களுக்குப் பொதுவானவர். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார்; அன்றுதான் திருவிருந்து. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார். ஜெபம், பாட்டு, பிரசங்கம், சாவு வீட்டில் ஆறுதல் எல்லாம் அவர் பொறுப்பு. அப்பமும் திராட்சரசமும் மட்டும் அவர் கைக்கு வராது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் சிலர் கடைத்தெருவுக்கு அப்பால் புதிதாக வந்திருக்கும் ஜெபக்கூடத்துக்குப் போகிறார்கள். அங்கே கைதட்டலும் கண்ணீரும் உடனடிப் பதில்களும் கிடைக்கின்றன. எங்களிடம் இருப்பவை 18ஆம் நூற்றாண்டில் ஃபெப்ரீஷியஸ் ஜெர்மன் மெட்டுக்கு அளந்து தமிழாக்கிய ஞானப்பாட்டுகள். மெட்டு நெருக்கிச் சொல் முறியும் இடங்களில் எங்கள் பாட்டிமார் முறிக்காமல் இழுத்து, தாலாட்டின் பக்கம் கொண்டுபோய்விடுவார்கள். அந்த இழுப்பு எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை.

லுத்தரன் என்றால் என்ன என்று திடப்படுத்தல் வகுப்பில் ஏதாவது ஒரு பையன் கேட்பான். பதிலாகத் தரங்கம்பாடியைச் சொல்வது வழக்கம். 1706 ஜூலை 9-ல் சீகன்பால்குவும் புளுச்சோவும் வந்து இறங்கியது, 1715-ல் தமிழில் அச்சான புதிய ஏற்பாடு, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், மறுவருஷம் சீகன்பால்கு அங்கேயே அடக்கமானது. 2006-ல் முந்நூறாவது ஆண்டையும் கொண்டாடியாயிற்று. இவ்வளவும் உண்மை. ஆனால் இது கல்வெட்டின் பதில். பையனுக்கு இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பெருமைப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கற்பிக்க வந்த சீகன்பால்கு, சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1708-ல், நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைப் படித்துக் குறிப்பெழுதினார். கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை அவர் 1713-ல் எழுதி அனுப்பியபோது ஹாலேயில் இருந்த பெரியவர்கள் அதை ரசிக்கவில்லை. அந்நூல் 1867-ல்தான் அச்சேறியது. ஒருவன் தாய்மொழியில் சொன்னாலொழிய எந்தச் சொல்லும் அவனிடம் போய்ச் சேராது என்ற லுத்தரின் பிடிவாதத்துக்கு இப்படி ஒரு விளைவும் இருந்தது. பேச வந்தவன் முதலில் கேட்கவேண்டியதாயிற்று. இது எங்கள் சொத்தில் ஒரு பாதி.

மறு பாதியைக் கொண்டாட்ட மலர்களில் யாரும் விரிவாக எழுதுவதில்லை. தஞ்சாவூர் மன்னனின் படையில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர்; கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்தது. வாசித்தார். அந்த வாசிப்பே அவரை லுத்தரன் ஆக்கிற்று. அச்சு இயந்திரம் எதற்காகக் கடல் கடந்து வந்ததோ அது அவரிடம் நிறைவேறியது என்று சொல்லவேண்டும். உபதேசியாராகி ஊர் ஊராக உழைத்தார். 1733-ல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் ஆயிற்று. 1741-ல் தியோகுவுக்கு ஆயிற்று. ராஜநாயக்கனின் தகுதியில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் ஆசாரியரே என்று லுத்தர் 1520-லேயே எழுதியிருந்தார். புத்தகம் அவரிடம் வந்தது. பந்தி வரவில்லை.

பிறகும் கதை நேராகப் போகவில்லை. சபையில் சாதி கூடாது என்று ஆங்கிலிக்கன் பிஷப் வில்சன் 1833-ல் கட்டளையிட்டார். அடுத்த பத்தாண்டில் வந்த லைப்ஸிக் மிஷன் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. அதனாலேயே இந்தப் பக்கம் வந்து லுத்தரன் ஆனவர்கள் உண்டு. எங்கள் கீர்த்தனைகளில் பலவற்றைச் செய்த தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்தை விடச் சொன்னதை எதிர்த்தவர். ஞாயிறுதோறும் அவரைப் பாடுகிறோம். நல்ல பாட்டுகள். இரண்டையும் சேர்த்தே சுமக்கவேண்டியிருக்கிறது.

இன்று எங்கள் கோயிலில் தனிப் பாய் கிடையாது. இரண்டு தெருக்காரர்களும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். கல்யாணப் பேச்சு என்று வந்தால் மட்டும் தெரு குறுக்கே வந்து நிற்கும்.

உபதேசியாரிடம் ஒருநாள் ராஜநாயக்கனைப் பற்றிச் சொன்னேன். அவரும் அந்த ஜனத்தைச் சேர்ந்தவர்தான். நான் எதிர்பார்த்த கோபமோ வருத்தமோ அவரிடம் இல்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "அதுக்கப்புறமும் அவரு ஊழியத்தை விடலியா தம்பி?" விடவில்லை, கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார் என்றேன். தலையாட்டிவிட்டு, மறுநாள் அடக்கத்துக்கு வேண்டிய பாட்டு எண்களைக் குறித்துக்கொள்ளப் போனார். அந்தத் தலையாட்டலைப் பொறுமை என்றோ பணிவு என்றோ பெயரிட்டுவிட எனக்குத் தைரியமில்லை. ராஜநாயக்கனுக்கு நடந்தது என்ன என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்று மட்டும் பட்டது.

எங்கள் சபை இன்னும் இருபது வருஷம் இருக்குமா என்பது நிச்சயமில்லை. பெரிய சபையோடு சேர்ந்துவிடலாம் என்ற யோசனையும் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் அது நியாயம்தான். ஆனால் மரபு என்பதைச் சொத்தாக மட்டும் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். எங்களுக்கு அது பெரும்பாலும் கடன். 1741-ல் நிறுத்திவைத்த பந்தி இன்னும் முழுதாக நடந்து முடியவில்லை. நாற்பது குடும்பங்களால் அதை முடித்துவைக்க முடியும் என்று தோன்றுகிறது. பெரிய சபைகளைவிடச் சிறிய சபைக்கு அது எளிது. யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.