பழுதைக் கண்டுபிடிப்பவர் கூலி

இடது பக்க யானைக்குப் போனால் மட்டும் மிஷின் நின்றுவிடுகிறது என்றார் சிற்பி. நிலைக்கதவின் மேலே பொருத்தும் கஜலட்சுமிப் பலகை அது. நடுவில் தாமரையில் தேவி, இரு புறமும் குடம் கவிழ்க்கும் யானைகள். மின்வெட்டுக்குப் பயந்து வேலையை மூன்று துண்டாகப் பிரித்துத்தான் ஓட்டுவாராம். வலது யானை முடிந்தது, தேவியும் முடிந்தாள். இடது யானைக்குக் காது வரும்போது திரையில் சிவப்பு எழுத்து விழுகிறது, வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் நின்றுவிடுகிறது. பலகை தேக்கு. இன்னொரு பலகை வாங்க முன்பணத்தில் மிச்சமில்லை.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், திண்ணையை அடைத்துக் கட்டிய முன்னறைதான் அவருடைய பட்டறை. கள்ளக்குறிச்சியில் ஒரு மரச்சிற்பப் பட்டறையில் உளி பிடிக்கக் கற்று ஊர் திரும்பியவர். அங்கே கைவேலைக்குப் பேர் உண்டு. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்கு அதற்கு முந்தைய ஆண்டே கிடைத்துவிட்டது. மலையில் அப்படி ஒரு சிற்பத் தெரு கிடையாது. தனியாளாக உட்கார்ந்து கதவு வேலை செய்தால் கட்டுப்படியாகாது என்று தவணையில் ஒரு சின்ன சிஎன்சி ரவுட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார். வாரண்டிக் காலம் இன்னும் முடியவில்லை.

மிஷின் வந்தால் கைவேலை போய்விடும் என்பார்கள். இங்கே பார்த்தது வேறு. ஆறு மில்லி பிட்டால் மிஷின் முதலில் வேண்டாத மரத்தைக் கழிக்கிறது. பிறகு முனை உருண்ட மூன்று மில்லி பிட் நெருக்கமாக ஓடி உருவத்தைக் கொண்டுவருகிறது. ஆனால் பிட் மேலிருந்து கீழாகத்தான் இறங்கும். துதிக்கைக்கு அடியில் குடைந்து, பலகையிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்றால் உளிதான் போக வேண்டும். தேவியின் கண்ணையும் அவர் மிஷினிடம் விடுவதில்லை. "மிஷின் நாள் கணக்கைக் குறைக்குது சார். கண்ணு என் கணக்கு" என்றார்.

சுவரில் ஆணியடித்து ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தது. உள்ளே மரம் வாங்கிய பில்கள் எல்லாம் தேதி வாரியாக. இந்த மலையில் மரம் வைத்திருப்பவன் பில்லும் வைத்திருக்க வேண்டும். சந்தனத்துக்குப் பேர்போன மலை, அதனாலேயே வழக்குகளுக்கும் பேர்போனது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தார்கள் என்று சொல்லிக் காவல்துறை சுட்டதில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் உண்டு. மரம் என்றால் வெட்டப் போகும் கூலிதான் என்றிருந்த பக்கத்தில், ஒருவர் பில்லோடு மரம் வாங்கிச் செதுக்கி விற்கிறார். அந்த மிஷின் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை உண்டு.

பழுது பார்க்க வந்திருந்தவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். போளூர் பக்கம் பம்புசெட் மோட்டாரும் வயரிங்கும் பார்ப்பவர். சிஎன்சி அவருக்குப் புதிது. வந்ததும் எதையும் கழற்றவில்லை. "எப்பல்லாம் நிக்குது மாப்ள, எப்ப நிக்கல, அத மொதல்ல சொல்லு" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இந்த மாதிரி மிஷினுக்குக் கண் கிடையாது. பிட் எங்கே நிற்கிறது என்பதை அது ஒரு மூலையிலிருந்து எண்ணித்தான் தெரிந்துகொள்கிறது. அந்த மூலையை அதற்குச் சொல்வது சென்சார். சில மிஷின்களில் அது தட்டினால் கிளிக்கென்று விழும் சின்ன சுவிட்ச். மரத்தூள் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். ஒளியை வைத்துப் பார்க்கும் வகையும் உண்டு, தூள் படிந்தால் அதற்குக் கண் மறைத்துவிடும். சிற்பியின் மிஷினில் இருப்பது இண்டக்டிவ் சென்சார். அதன் முனையில் உள்ள கம்பிச்சுருள் ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. உலோகம் சில மில்லி தூரத்துக்குள் வந்தால் அந்தப் புலத்தின் சக்தியை அது உறிஞ்சிக்கொள்ளும், சென்சாரின் வெளியீடு மாறும். மரத்தூள் இதற்கு ஒரு பொருட்டே இல்லை.

மச்சான் ஒரு உளியை எடுத்து அதன் இரும்பை சென்சாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பின்பக்கத்துச் சின்ன விளக்கு மாறியது. விலக்கினார், பழையபடி ஆனது. காது கேட்கிறது, ஆனால் சொல்வதில் ஏதோ கோளாறு என்றார்.

சந்தேகப்பட வேண்டியவை மூன்று. மலையில் வோல்டேஜ் ஏறி இறங்கும், சப்ளை தடுமாறலாம். ஸ்பிண்டிலின் வயர் பக்கத்திலேயே ஓடுவதால் அதன் இரைச்சல் சென்சார் வயரில் ஏறலாம். அல்லது சென்சாரோ, வயரோ, கண்ட்ரோல் போர்டோ கெட்டிருக்கலாம். மல்டிமீட்டர் வைத்தார்கள், 12 வோல்ட் ஆடாமல் நின்றது. ஸ்பிண்டிலை அணைத்துவிட்டு பிட்டைக் காற்றில் ஓட்டினார்கள். அப்போதும் இடது பக்கம் போனதும் நின்றது. ஆக, முதல் இரண்டும் இல்லை.

மூன்றாவதைப் பிரிப்பதுதான் கஷ்டம். கண்ட்ரோல் பெட்டியின் திருகு மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கிழிந்தால் வாரண்டி போச்சு. கம்பெனியின் உதவி எண்ணில் சொன்னது, பெட்டியை முழுசாகக் கழற்றி நகரத்துக்கு அனுப்புங்கள், அனுப்பும் செலவு உங்களுடையது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம். அந்தக் கூரியரோ மலை ஏறாது. அடிவாரம் வரை பஸ்ஸில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

மச்சான் பெட்டியைத் தொடவில்லை. சென்சார் வயர்கள் வந்து சொருகும் பிளக்குகள் பெட்டிக்கு வெளியேதான் இருந்தன. இட-வல ஓட்டத்துக்கான எக்ஸ் பிளக்கையும் முன்-பின் ஓட்டத்துக்கான ஒய் பிளக்கையும் இடம் மாற்றிச் சொருகினார். "இப்ப பழுது எது கூடப் போவுதுன்னு பாரு. எக்ஸுலயே நின்னா பெட்டி. ஒய்க்கு வந்தா சென்சார்." மிஷினை ஓடவிடாமல், மோட்டார் பிடியை விட்ட நிலையில், ஸ்பிண்டிலைத் தாங்கி நகரும் கேன்ட்ரியைக் கையால் மெல்ல இடது பக்கம் தள்ளினார்கள். முதலில் திரையில் எக்ஸ் என்று விழுந்த எழுத்து இப்போது ஒய் என்று விழுந்தது. பெட்டி தப்பித்தது.

திரையில் அப்படி எழுத்து விழுவதற்கே ஒரு கதை இருக்கிறது. மிஷினுக்குள் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரரான சீமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-இல் எழுதி, யாரும் பார்க்கும்படி திறந்துவைத்தது. எந்த சென்சார் என்ன சொல்கிறது என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லும். பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டியவர்களால் அதன் வாயை அடைக்க முடியவில்லை.

சென்சாரும் அதன் வயரும் ஒரே உருப்படி. எங்கே போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் சிற்பி. கேன்ட்ரியோடு கூடவே மடங்கி நகரும் கேபிள் செயினுக்குள் அந்த வயர் போகிறது. இடது கோடியில்தான் மடிப்பு மிக இறுக்கம். செயினைத் திறந்து, வயரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருவிக்கொண்டே வந்தார். மரத்தில் கணு தேடும் விரல்கள். ஓரிடத்தில் நின்றது. "இங்க மெத்துனு இருக்கு மச்சான்." அந்த இடத்தை மடக்கினால் எழுத்து விழுந்தது, நிமிர்த்தினால் மறைந்தது. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பிழைகள் அறுந்து தொட்டும் தொடாமலும் கிடந்திருக்கின்றன. ஓயாமல் மடங்கும் இடத்துக்கு அதற்கென்று செய்த வயர் வேண்டும். இது அசையாத இடத்தில் கிடக்கும் சாதாரண வயர்.

அறுந்தால் ஏன் மிஷின் நிற்க வேண்டும்? சும்மா இருக்கும்போது சுற்று மூடியிருக்கும் வகையைத்தான் இதில் போட்டிருக்கிறார்கள். சுற்று விட்டுப்போனால் கோடிக்கு வந்துவிட்டோம் என்று மிஷின் எடுத்துக்கொள்ளும். வேலை கெட்டாலும் ஆபத்தில்லாத ஏற்பாடு. மாற்றிச் செய்திருந்தால், வயர் அறுந்தது தெரியாமலே கேன்ட்ரி கோடியில் போய் மோதியிருக்கும்.

சென்சார் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வி ஜவ்வாது மலைக்குப் புதிதல்ல. ஆலங்காயத்திலிருந்து ஏறும் பாதையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் 1968 முதல் இயங்குகிறது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் ஒரு விண்மீனை மறைப்பதைப் பார்க்க அங்கே காத்திருந்தார்கள். கோள் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி ஒரு கணம் மங்கியதை ஒளியுணர்கருவி பதிவு செய்தது. முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்று எண்ணி அறிவித்தார்கள். மற்ற இடங்களின் பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் அது யுரேனஸின் வளையம் என்று விளங்கியது. ஒரு கருவியின் பேச்சை இன்னொன்றின் பேச்சோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை பிடிபடும். பிளக்கை மாற்றிச் சொருகிய மச்சான் செய்ததும் அதுதான்.

இத்தனையையும் சிற்பியின் மகள் செல்போனில் வீடியோ எடுத்திருந்தாள். கம்பெனிக்கு அனுப்பினார்கள். மதியத்துக்கு மேல் பதில் வந்தது: பெட்டி வேண்டாம், சென்சார் மட்டும் அனுப்புகிறோம். நல்ல முடிவுதான். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் இலவசமாகத் தரும் பாகம் சில நூறு ரூபாய். அந்தப் பாகம்தான் என்று கண்டுபிடித்த வேலைக்கு வாரண்டி அட்டையில் ஒரு வரியும் இல்லை. நின்றுபோன நாட்களை வாரண்டியில் கூட்டித் தரச் சொல்லி சிற்பி கேட்டதற்கும் பதில் இல்லை.

சட்டம் இவரைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் இல்லை என்று தட்டிக்கழிப்பது வழக்கம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் நுகர்வோரே என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் முறையிடலாம். ஸ்டிக்கர் விவகாரத்தில் அமெரிக்க வணிக ஆணையம் 2018-இல் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசு ஒரு தளம் தொடங்கியது. வேளாண் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். திண்ணையில் ஓடும் சிற்ப மிஷின் அதில் எந்தப் பெட்டிக்குள் வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மாலையில் மச்சான் கிளம்பும்போது சிற்பி சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தங்கச்சி வூட்டுல வந்து கூலி வாங்குவாங்களா மாப்ள?"

"சென்சாரு கம்பெனி குடுக்கும். அதான் போச்சுன்னு சொன்னது நீங்கதான? சீர் செனத்திய பொங்கலுக்குப் பாத்துக்கலாம் மச்சான், இது மிஷின் செலவு" என்று சொல்லி, அவருடைய பையில் பணத்தைத் திணித்துவிட்டு, பில்கள் இருந்த உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அந்தத் தொகையையும் எழுதிவைத்தார்.