மேசை விரிப்பில் ஒரு வரி: லாஸ் வேகஸும் சீட்டெண்ணும் கணக்கும்

நெவாடா மாநிலத்தின் மோஹாவே பாலைவனத்தில் அமைந்துள்ள லாஸ் வேகஸுக்கு வரும் பயணியை, ஹாரி ரீட் பன்னாட்டு விமான நிலையத்தின் காத்திருப்புக் கூடங்களிலேயே வரிசையாக நிற்கும் சூதாட்டப் பொறிகள் எதிர்கொள்கின்றன. 1931ஆம் ஆண்டில் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய மாநிலத்துக்குள் வந்துவிட்டதை அவை முதலில் அறிவிக்கின்றன. அப்பொறிகளிலும் ரூலெட் சக்கரத்திலும் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றோடு தொடர்பற்றது ஆகையால், ஆடுபவர் எவ்வளவு கூர்ந்து நோக்கினாலும் அடுத்த விளைவைப் பற்றி எதையும் அறிய இயலாது. கையிலுள்ள சீட்டுகளின் மதிப்பை 21ஐத் தாண்டாமல் 21க்கு நெருக்கமாகக் கொண்டுசென்று, சீட்டு பகிர்பவரின் கையை வெல்ல முயலும் பிளாக்ஜாக் ஆட்டமோ வேறுபட்டது. மேசைக்கு வந்துபோன சீட்டு, கட்டை மீண்டும் கலைக்கும்வரை திரும்ப வராது என்பதால், இறங்கியவற்றை நினைவில் வைப்பவர் எஞ்சியிருப்பவற்றை ஓரளவு கணிக்கலாம். இவ்வாறு கணித்துப் பந்தயத் தொகையை ஏற்றி இறக்கும் முறையே சீட்டெண்ணுதல் எனப்படுகிறது; அது இன்றும் பயன் தருமா என்ற கேள்விக்கான விடையை இந்நகரின் மேசைகளே தாங்கி நிற்கின்றன.

இம்முறையின் வேர் காசினோக்களில் இல்லை. மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மட் ஆகிய நால்வர், மேசைக் கணக்கிடும் பொறிகளின் துணையோடு, எந்தக் கைக்கு எந்த முடிவு சிறந்தது என்று கணக்கிட்டு 1956இல் வெளியிட்டனர். பின்னர் செம்மையாக்கப்பட்டு 'அடிப்படை உத்தி' என வழங்கும் அவ்விதிகளைப் பிழையின்றிப் பின்பற்றினால், நல்ல விதிகள் கொண்ட மேசையில் காசினோவின் சாதகம் நூற்றுக்கு அரை அளவுக்குக் குறைகிறது. கணித அறிஞர் எட்வர்ட் தார்ப் ஐபிஎம் 704 கணினியைக் கொண்டு அடுத்த படிக்குச் சென்று, கட்டில் எஞ்சியுள்ள சீட்டுகளுக்கேற்பச் சாதகம் ஆடுபவர் பக்கம் சாயும் கணங்கள் உண்டு என நிறுவி, 1962இல் நூலாக வெளியிட்டார். அதற்கு எதிர்வினையாக 1964இல் லாஸ் வேகஸ் விடுதிகள் விதிகளைக் கடுமையாக்கியதும் கூட்டம் குறைந்ததால், சில வாரங்களிலேயே பழைய விதிகளுக்குத் திரும்பின.

இன்று பரவலாக வழங்கும் 'ஹை-லோ' முறையில் 2 முதல் 6 வரையுள்ள சீட்டு இறங்கும்போது ஒன்றைக் கூட்டி, 7, 8, 9 ஆகியவற்றை விட்டுவிட்டு, பத்து மதிப்புடையவற்றுக்கும் ஏஸுக்கும் ஒன்றைக் கழிக்க வேண்டும். இவ்வாறு வரும் தொகையை இன்னும் பகிரப்படாத கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது 'மெய் எண்ணிக்கை'. அது ஒவ்வொரு புள்ளி உயரும்போதும் ஆடுபவரின் நிலை ஏறத்தாழ அரை விழுக்காடு மேம்படுகிறது. இக்கணிதம் தார்ப்பின் காலத்தில் எவ்வாறு உண்மையோ அவ்வாறே இன்றும் உண்மை. மாறியிருப்பது அது செயல்படும் மேசைதான்.

ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்ட்ரிப் சாலையின் காசினோக்களில் நுழையும் பயணி முதலில் படிக்க வேண்டியது, மேசை விரிப்பில் அச்சிடப்பட்டுள்ள ஒற்றை வரியை. முதல் இரு சீட்டுகளில் ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் சேர்ந்து வருவதே 'பிளாக்ஜாக்'. அதற்கு முன்னாளில் 2 டாலருக்கு 3 டாலர் தரப்பட்டது. குறைந்த தொகை கேட்கும் பெரும்பாலான மேசைகளில் இன்று 5க்கு 6 மட்டுமே தரப்படுகிறது. 15 டாலர் வைத்தவர் 22.50 பெற வேண்டிய இடத்தில் 18 பெறுகிறார் என்ற இச்சிறு மாற்றம், சராசரியாக 21 கைகளுக்கு ஒருமுறை பிளாக்ஜாக் வருவதால், காசினோவின் சாதகத்தை ஏறத்தாழ 1.4 விழுக்காடு உயர்த்துகிறது. 2க்கு 3 தரும் மேசையில் மெய் எண்ணிக்கை ஒன்றைத் தொட்டதும் இழப்பு நீங்கிவிடும். 5க்கு 6 தரும் மேசையிலோ அது நான்கை நெருங்க வேண்டும், அத்தகைய தருணம் அரிதாகவே வாய்க்கிறது. ஆறு அல்லது எட்டுக் கட்டுகளைச் சேர்த்து ஆடுவதும், அவற்றின் கணிசமான பகுதியைப் பகிராமலே கலைத்துவிடுவதும் எண்ணுபவரின் வாய்ப்பை மேலும் சுருக்குகின்றன. ஆடிய சீட்டுகளை உடனுக்குடன் கட்டோடு கலந்துவிடும் தொடர்கலைப்புப் பொறி உள்ள மேசையில் எண்ணுவதற்கு எதுவுமே எஞ்சுவதில்லை.

மனத்தால் எண்ணுவது குற்றமன்று. கருவியின் துணையோடு எண்ணுவதையே நெவாடா 1985இல் தடைசெய்தது. ஆயினும் அங்குள்ள காசினோக்கள் எண்ணுபவரை வெளியேற்றலாம். மாறாக, சீட்டெண்ணுபவரான கென் அஸ்டன் தொடுத்த வழக்கில், அவ்வாறு வெளியேற்ற இயலாது என்று 1982இல் தீர்ப்பளித்தது நியூ ஜெர்சி மாநிலத்தின் உச்ச நீதிமன்றம். கூரையில் பதித்த கேமராக்கள் பந்தயத் தொகையின் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து கவனிக்கும்போது, தன் பணியைச் சரியாகச் செய்வதே எண்ணுபவரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தன் அறிவைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாத ஒருவர் அதற்காகவே வெளியேற்றப்படுவது நியாயமன்று.

எவராலும் தடுக்கப்படாதவருக்குக்கூட வருவாய் சிறியதே. வைக்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று என்ற, இன்றைய நிலையில் தாராளமான ஆதாயத்தைக் கொண்டாலும், சராசரி 25 டாலர் வீதம் மணிக்கு 80 கைகள் ஆடுபவருக்கு எதிர்பார்ப்பு 20 டாலர். மாறாத் தொகையில் ஆடினாலே அந்த ஒரு மணி நேரத்தின் இயல்பான ஊசலாட்டம் 250 டாலரைத் தாண்டும் என்பதால், பல நூறு மணி நேரம் பிழையின்றி எண்ணியும் நட்டத்தில் நிற்க நேரலாம். பெரிய முதலும், இழப்பைத் தாங்கும் மனமும், ஊர் ஊராகச் செல்லும் வாழ்வும் உடைய சிலருக்கே இது தொழிலாகக்கூடும். மற்றவர்களுக்கு அவ்வுழைப்பை வேறெங்கு செலுத்தினாலும் மிகுதியாகக் கிடைக்கும்.

ஸ்ட்ரிப்புக்கு வடக்கே ஃப்ரீமான்ட் தெருவில், 1941இல் திறக்கப்பட்ட எல் கோர்டெஸ் காசினோ, 2க்கு 3 தரும் ஒற்றைக்கட்டு ஆட்டத்துக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. பழைய ஆட்டத்தின் சாயலைத் தேடும் பயணி அங்கு செல்வது பொருத்தமானது. ஆனால் இந்நகரின் நிலையை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது, விடுதிகளின் பரிசுப்பொருள் கடைகளில் விற்கப்படும் உள்ளங்கையளவு அட்டை. அபர்தீனில் நால்வர் தொடங்கிய அடிப்படை உத்தியின் அட்டவணை அதில் அச்சிடப்பட்டுள்ளது. அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவதைப் பெரும்பாலான காசினோக்கள் தடுப்பதில்லை, ஏனெனில் அதைக் கடைப்பிடிப்பவரிடமும் ஏறத்தாழ அரை விழுக்காடாவது அவற்றுக்கு எஞ்சுகிறது. அந்த அரை விழுக்காட்டைக் கடக்கும் அறிவுக்கு இங்கு இருக்கை கிடைப்பதில்லை. ஆகவே சீட்டெண்ணும் கணக்கைக் கற்பவருக்கு அது இன்று தரும் உறுதியான பயன், விரிப்பிலுள்ள வரியைப் படித்து, 5க்கு 6 என்று கண்டதும் உட்காராமல் நகரும் தெளிவே.