ரத்தக்காட்டேரி ஊருக்கு ஒரு ரவுண்ட்!

ஒரு சின்னக் கேள்வி. மறுநாள் இன்டர்னல் எக்ஸாமை வெச்சுக்கிட்டு, ராத்திரி 2 மணிக்கு 'இன்னும் ஒரே ஒரு எபிசோட்'னு சொல்லி ஏதாவது சீரியல் பார்த்திருக்கீங்களா? பார்த்தவங்க கையைத் தூக்கிட்டு வண்டியில ஏறுங்க. தூக்காதவங்க பொய் சொல்றீங்க. நீங்களும் ஏறுங்க!

நாம போகப்போற ஊர் கவிங்டன். அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவில் இருந்து கிழக்கே சுமார் 55 கிலோமீட்டர். மொத்த ஜனத்தொகையே சுமார் 14 ஆயிரம்தான். 'இந்தக் குட்டியூண்டு ஊருக்கா இவ்வளவு பில்டப்?'னு கேட்கிறீங்களா? இதோட இன்னொரு பேரைச் சொன்னா உங்க கிளாஸ்ல நாலு பேராவது துள்ளிக் குதிப்பாங்க. மிஸ்டிக் ஃபால்ஸ். ஆமாம் பாஸ், 'தி வாம்பயர் டைரீஸ்' ஊர்!

கதை தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. அப்பா, அம்மாவை விபத்தில் இழந்த ஸ்கூல் பொண்ணு எலெனா. அவளைக் காதலிக்கிற அண்ணன், தம்பி ரெண்டு பேர். ரெண்டு பேருமே ரத்தக்காட்டேரி. தம்பி ஸ்டெஃபன் நல்ல பையன், மிருக ரத்தம்தான் குடிப்பான். அண்ணன் டேமன் கொஞ்சம் டேஞ்சர் பார்ட்டி. 2009 செப்டம்பரில் சி.டபிள்யூ. சேனலில் ஆரம்பிச்சு, 2017 மார்ச் வரைக்கும் 8 சீசன், 171 எபிசோட் ஓடுச்சு.

எங்க வீட்டுக்கு இது பென் டிரைவில் வந்துச்சு. அக்கா பார்க்க, பின்னாடி தலையணைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு நான் பார்க்க, வீடு ரெண்டாப் பிரிஞ்சிடுச்சு. அவ டீம் டேமன். நான் டீம் ஸ்டெஃபன். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி நாங்க போட்ட சண்டையைப் பார்த்து, 'யாருடா அந்த ரெண்டு பசங்க? எந்த ஊரு?'னு அம்மா கவலையோட விசாரிச்சதெல்லாம் தனிக் கதை.

அக்கா இப்போ அட்லாண்டாவில் எம்.எஸ். படிக்கிறா. ரெண்டு வருஷமா நேர்ல பார்க்கலை. கவிங்டன் அவ ரூமில் இருந்து ஒரு மணி நேரம்தான். ஆனாலும் போகலை. 'நீ வந்தப்புறம் சேர்ந்து போலாம்டா'ன்னு சொல்லிட்டே இருந்தா. 2025 ஜூன், செமஸ்டர் லீவ். டிக்கெட் போட்டாச்சு. வாங்க, இறங்கலாம்!

மணிக்கூண்டும் மசமசன்னு ஒரு ஊரும்

கவிங்டனின் நடு சதுக்கத்தில் நின்னா முதல்ல கண்ணில் படுறது மணிக்கூண்டு. 1884-ல் கட்டின கவுன்டி கோர்ட் கட்டடம் அது. சீரியலில் நூறு தடவை பார்த்த அதே செங்கல் சுவர், அதே கடிகாரம். நாலு பக்கமும் கடைகள். நடுவில் மரமும் பெஞ்சும். நம்ம ஊர்ல கோயிலைச் சுத்தி நாலு மாட வீதி இருக்குமே, அந்த மாதிரி ஊரே இந்தச் சதுக்கத்தைச் சுத்தித்தான்.

ஒரு மூலையில் 'மிஸ்டிக் கிரில்'. சீரியலில் எல்லாரும் சந்திச்சு, காதலிச்சு, சண்டை போட்டு, பாதிப் பேர் செத்துப்போகிற ஹோட்டல். முதல்ல இங்கே நிஜ ஹோட்டல் எதுவும் இல்லை, ஷூட்டிங்குக்கான முகப்பு மட்டும்தான். ரசிகர்கள் வந்து வந்து கதவைத் தட்டவே, பின்னாடி அதே பேரில் நிஜமாவே ஒரு ஹோட்டல் வந்துடுச்சு! டேமன் ஸ்டைலில் 'ஒரு போர்பன்' கேட்கலாம்னு கையைத் தூக்கினேன். அங்கே 21 வயசு ஆகணுமாம். எனக்கு 20. எலுமிச்சை ஜூஸ் குடிச்சுட்டு வந்தேன். அக்கா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில் கேட்குது.

இந்த ஊருக்குக் கேமரா புதுசு இல்லை. 1978-லேயே 'டியூக்ஸ் ஆஃப் ஹஸர்ட்' சீரியலின் ஆரம்ப எபிசோட்களை இங்கே எடுத்திருக்காங்க. அப்புறம் 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்'. வாம்பயர் டைரீஸின் முதல் எபிசோடைக் கனடாவின் வான்கூவரில்தான் எடுத்தாங்க. அப்புறம் ஏன் இங்கே வந்தாங்க? ரொம்ப ரொமான்டிக்கான காரணம்... வரி! 2008-ல் ஜார்ஜியா அரசு சினிமா, டி.வி. தயாரிப்புச் செலவுக்கு 30 சதவிகிதம் வரை வரிச்சலுகை கொடுத்துச்சு. நம்ம காதல், கண்ணீர் எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு ஆடிட்டர் உட்கார்ந்திருக்கார் மக்களே.

ஒரு விஷயம் மட்டும் சிலிர்ப்பா இருந்துச்சு. சீரியலில் அண்ணன், தம்பி ரெண்டு பேரும் ரத்தக்காட்டேரி ஆகிற வருஷம் 1864. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலம். அதே 1864 நவம்பரில்தான் ஜெனரல் ஷெர்மனின் படை, அட்லாண்டாவில் இருந்து கடற்கரையை நோக்கி இந்தக் கவிங்டன் வழியா நடந்து போச்சு. கற்பனைக் கதைக்குக் கிடைச்ச ஊர், நிஜமாவே அந்தக் கதையின் வருஷத்தைப் பார்த்த ஊர்!

'இது என் எலெனா இல்லை!'

லொகேஷன்களைச் சுத்திக் காட்டுற டூரில் நாங்க எட்டுப் பேர். அதில் ஓஹையோவில் இருந்து வந்த ஒரு அம்மாவும் பொண்ணும் இருந்தாங்க. பொண்ணு எலெனா வீட்டுக்கு முன்னாடி, லாக்வுட் மாளிகைக்கு முன்னாடின்னு படமா எடுத்துத் தள்ளுறா. அம்மா கையில் ஒரு பழைய பேப்பர்பேக். அட்டை ஓரமெல்லாம் நைஞ்சுபோய் இருந்துச்சு. எட்டிப் பார்த்தா, 'தி வாம்பயர் டைரீஸ்' முதல் பாகம். 1991-ல் வந்தது!

சீரியல் ரசிகர்களில் பல பேருக்குத் தெரியாத விஷயம் இது. எல்.ஜே.ஸ்மித்னு ஒரு எழுத்தாளர் எழுதின நாவல்தான் மூலம். 1991-ல் மூணு பாகம், 1992-ல் நாலாவது. அதைப் படிச்சு வளர்ந்தவங்க, 2009-ல் சீரியல் வந்ததும் எப்படிக் கொந்தளிச்சாங்க தெரியுமா? 'பொன்னியின் செல்வன்' படம் வந்தப்போ நம்ம வீட்டுப் பெரியவங்க 'நாவல்ல இப்படி இல்லையே'ன்னு தியேட்டரிலேயே முணுமுணுத்தாங்களே... அதைப் பத்தால் பெருக்கிக்கோங்க.

நாவலில் எலெனாவுக்குப் பொன்னிறக் கூந்தல், நீலக் கண். சீரியலில் நினா டோப்ரெவ், கரும்பழுப்புக் கூந்தல். நாவலில் அவளுக்கு மார்கரெட்னு குட்டித் தங்கச்சி. சீரியலில் ஜெரமின்னு ஒரு தம்பி. நாவலில் சால்வடோர் சகோதரர்கள் இத்தாலியில் 15-ம் நூற்றாண்டில் பிறந்தவங்க. சீரியலில் உள்ளூர்ப் பசங்க. உயிர்த்தோழி மெரடித்தைக் காணவே காணோம். ஊர் பேரே வேற. நாவலில் அது 'ஃபெல்ஸ் சர்ச்'.

"அப்போ எனக்கு 13 வயசு. என் எலெனா தன்னைத் தவிர யாரையும் பெருசா நினைக்காத திமிர் பிடிச்ச ராணி. கதை போகப்போகத்தான் மாறுவா. டி.வி-யில முதல் நாளே அவளை நல்ல பொண்ணா ஆக்கிட்டாங்க. எனக்கு அதான் கோபம், முடி கலர் இல்லை"ன்னாங்க அந்த அம்மா.

பொண்ணு விடலை. "ஆனா எங்க போனியைப் பாரு!"ன்னா. நாவலில் போனி செம்பட்டைக் கூந்தல் வெள்ளைக்காரப் பொண்ணு. சீரியலில் கேட் கிரஹாம் என்கிற கறுப்பின நடிகை. அதுக்கும் அப்போ சில புத்தக ரசிகர்கள் முகம் சுளிச்சாங்க. இன்னொரு பக்கம், போனியை நேசிச்ச சீரியல் ரசிகர்களுக்கு வேற வருத்தம். பாட்டியை இழக்கிறா, தன் உயிரையே கொடுக்கிறா, எல்லாமே மத்தவங்களைக் காப்பாத்த. அவளுக்குன்னு ஒரு வாழ்க்கையை ஏன் எழுதலை? அம்மாவும் பொண்ணும் முதல் தடவையா ஒத்துப்போனது இந்த இடத்தில்தான்.

எழுதினவருக்கே இடமில்லை

டூர் முடிஞ்சு சதுக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தப்போ, அந்த அம்மா மெதுவா, "ஸ்மித் மார்ச்ல இறந்துட்டாங்க, தெரியுமா?"ன்னாங்க. அக்காவுக்குத் தெரியலை. எனக்கும்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாப் படிங்க, நம்ம எல்லாருக்கும் பாடம் இருக்கு. ஸ்மித் அந்த நாவல்களை எழுதினது ஒரு புத்தகத் தயாரிப்பு நிறுவனத்துக்காக, கூலி ஒப்பந்தத்தில். அதாவது எழுத்து அவருடையது, உரிமை நிறுவனத்துடையது. இன்டர்ன்ஷிப்பில் நாம ராத்திரி பகலா எழுதுற கோடு கம்பெனிக்குப் போகுமே, அதே கதைதான். அப்புறம் அவரையே வெச்சு மேலும் மூணு நாவல் வந்துச்சு. 2011-ல் அவரை அந்த வரிசையில் இருந்தே நீக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வேற ஆள் எழுதின புத்தகங்கள். அட்டையில் 'உருவாக்கியவர்'னு அவர் பேர் மட்டும் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

ரசிகர்கள் கொதிச்சாங்க. 'இனிமே வாங்க மாட்டோம்'னாங்க. ஸ்மித் என்ன செஞ்சார் தெரியுமா? ரசிகர்கள் எழுதுற கதைகளை உரிமத்தோட விற்க அமேசான் 2013-ல் 'கிண்டில் வேர்ல்ட்ஸ்'னு ஒரு வசதி கொண்டுவந்துச்சு. 2014-ல் ஸ்மித் அதில் போய் ரசிகர்களோட ரசிகரா நின்னு, எலெனாவின் கதையைத் தான் நினைச்சபடி தொடர்ந்து எழுதினார். தான் பெத்த பிள்ளையைப் பார்க்க விசிட்டர் பாஸ் வாங்கின மாதிரி! 2018-ல் அந்த வசதியையும் அமேசான் மூடிடுச்சு. 2025 மார்ச்சில், 66 வயசில் ஸ்மித் இறந்துபோனார்.

அந்த அம்மா புத்தகத்தை என்கிட்ட கொடுத்து, "மணிக்கூண்டோட சேர்த்து இதை ஒரு போட்டோ எடுத்துக் கொடுக்கிறியா?"ன்னாங்க. "இது என் ஃபெல்ஸ் சர்ச் இல்லை. ஆனா அந்த ஊர் எங்கேயுமே இல்லை. வேற எங்கே போய் நிற்கிறது?"

எடுத்துக் கொடுத்தேன். பொண்ணுதான் புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டா. போகும்போது அதை அம்மாகிட்ட திருப்பிக் கொடுக்கலை. தன் பைக்குள்ள வெச்சுக்கிட்டா.

இடிஞ்சது வீடு, நின்னது சண்டை

சால்வடோர் மாளிகையைப் பார்க்கணும்னு அக்காவுக்கு ரொம்ப ஆசை. வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட அந்த வீடு கவிங்டனில் இல்லை, அட்லாண்டாவுக்கு வடக்கே சாண்டி ஸ்பிரிங்ஸில் இருந்துச்சு. கிளென்ரிட்ஜ் ஹால்னு பேர், 1929-ல் கட்டினது. 'இருந்துச்சு'ன்னு சொன்னதைக் கவனிச்சீங்களா? 2015-லேயே இடிச்சுட்டாங்க. அக்கா ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

திரும்பி வரும்போது கார்ல பழைய சண்டை ஆரம்பிச்சுது. (கடைசி எபிசோட் பார்க்காதவங்க இந்தப் பாராவைத் தாண்டிடுங்க!) கடைசியில் எலெனா கிடைச்சது டேமனுக்கு. அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தது ஸ்டெஃபன். "பார்த்தியா, என் ஆள்தான் ஜெயிச்சான்"னா அக்கா. "உன் ஆளை ஜெயிக்கவெச்சது என் ஆள்"னேன் நான்.

ரெண்டு வருஷமா வீடியோ காலில், 'சாப்பிட்டியா, தூங்கினியா, மார்க் என்ன'ன்னு மூணே கேள்வியில் முடிஞ்ச பேச்சு, அன்னிக்கு அட்லாண்டா டிராஃபிக்கில் ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. இந்த ஊருக்கு நான் வந்தது எதுக்குன்னு அப்போதான் எனக்கே புரிஞ்சது.

ஊருக்குக் கிளம்பும்போது அக்கா ஏர்போர்ட்டில் ஒரு கவர் கொடுத்தா. உள்ளே முதல் நாவல், செகண்ட் ஹேண்ட் காப்பி. 'படிச்சுட்டுச் சொல்லு. அடுத்த சண்டை எலெனா முடி கலர்ல இருந்து'ன்னு எழுதியிருந்தா. ஃபிளைட்டில் பாதி முடிச்சுட்டேன். அந்த ஓஹையோ அம்மா சொன்னது சரிதான் மக்களே. எலெனா செம திமிர்!

போறவங்களுக்கு நாலு டிப்ஸ்:

* அட்லாண்டாவில் இருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே போகணும். கார் வெச்சிருக்கிற நண்பரை முன்கூட்டியே ஐஸ் வைங்க.

* எலெனா வீடு உட்பட பல வீடுகளில் நிஜ மனுஷங்க குடியிருக்காங்க. ரோட்டில் நின்னு படம் எடுங்க. வாசப்படி ஏறாதீங்க.

* சதுக்கத்தைச் சுத்திப் பார்க்க நடையே போதும். அரை நாள் ஒதுக்குங்க.

* முடிஞ்சா நாவலைப் படிச்சுட்டுப் போங்க. சண்டை போட ஒரு ஆளையும் கூட்டிட்டுப் போங்க!