அந்த உதை வராததற்கு நான்தான் காரணம்

என் சித்தி மகனை டெக்கன் 3 என்ற வீடியோ சண்டை ஆட்டத்தில் ஏமாற்றித்தான் ஜெயித்தேன். அவனுக்கு அது தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தேன், பல மாதங்கள் செய்தேன், அதற்கு மேல் அவனைக் கேலியும் பேசினேன்.

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டர். 1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த அந்த ஆட்டம், எங்களுக்கு எமுலேட்டர் வழியாகப் பழைய கம்ப்யூட்டரில்தான் கிடைத்தது. கன்ட்ரோலர் கிடையாது. ஒரே கீபோர்டில் இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன். தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்ட சாயங்காலங்களில் நாற்காலிக்குப் பின்னால் கூட்டமாக நிற்பார்கள். அத்தனை பேர் முன்னால் எழுந்து போவதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் எடுத்தது எப்போதும் எடி கோர்டோவைத்தான். பிரேசிலின் கபோய்ரா தெரிந்த ஆள். இரண்டு உதைச் சாவிகளை மாற்றி மாற்றித் தட்டினாலே போதும், தலைகீழாகச் சுழன்று உதைத்துத் தள்ளுவான். எதை அமுக்கியதற்கு எந்த உதை வந்தது என்று எனக்கே தெரியாது. ஒரு அடியைக்கூட நான் முறையாகக் கற்றதில்லை.

சித்தி மகன் அப்படியில்லை. விடிகாலையில் களரிக்குப் போகிறவன். ஒற்றைச்சுவடு காலுக்குப் பழகும்வரை அவன் ஆசான் கம்பைத் தொட விடமாட்டார். அந்தப் பொறுமையை இங்கேயும் கொண்டுவந்தான். ஆளில்லாத மத்தியான வேளையில் பிராக்டிஸ் மோடில் உட்கார்ந்து ஒரே காம்போவைத் திரும்பத் திரும்பப் போடுவான். ஒரு அடியில் எதிராளியை மேலே தூக்க வேண்டும். அவன் தரைக்கு வருமுன் இரண்டு குத்து, கடைசியாக ஒரு உதை. காற்றில் இருப்பவனால் தடுக்க முடியாது. அதனால் முதல் அடி பட்டு, கை பிசகாமல் போனால், மீதி அடிகளும் பட்டே தீரும். ஆரம்பக்காரன் முதலில் கற்க வேண்டியது அதைத்தான். நானோ, "சும்மா நிக்க ஆளப் போட்டு அடிச்சிட்டுக் கெடக்கான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அவன் தேறினான். ஒருநாள் எடியைத் தூக்கினான். இரண்டு குத்தும் விழுந்தன. பதற்றத்தில் நான் கைக்குக் கிடைத்த சாவிகளையெல்லாம் சேர்த்து அமுக்கினேன். அவன் உதை வரவில்லை.

மலிவான கீபோர்டில் ஒவ்வொரு சாவிக்கும் தனித் தடம் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகத் தடங்கள் ஓடும். அவை சந்திக்கும் இடங்களில் சாவிகள் இருக்கும். சில சாவிகளைச் சேர்த்துப் பிடித்தால், அதற்குமேல் அமுக்கும் சாவியைக் கீபோர்டால் அடையாளம் காண முடியாமல் போகும். இந்த விளக்கமெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்குப் புரிந்தது, நான் மூன்று சாவியைப் பிடித்துக்கொண்டால் அவன் உதை செத்துவிடும் என்பது மட்டும்தான். எந்த மூன்று என்பதையும் தனியாக உட்கார்ந்து சோதித்து வைத்துக்கொண்டேன். நான் அக்கறையாகப் பயின்றது அது ஒன்றைத்தான்.

அதன்பிறகு அவன் தூக்கும்போதெல்லாம் பிடித்தேன். அவன் குனிந்து தன் விரலைப் பார்ப்பான். அடுத்த தடவை இன்னும் அழுத்தி அமுக்குவான். "ஒனக்கு டைமிங் இல்லடே, கை வராது" என்பேன். பின்னால் நின்றவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச காலத்தில், "எனக்குக் கை வராது அண்ணே" என்று அவனே சொல்லத் தொடங்கினான். பிறகு வருவதையே நிறுத்திவிட்டான்.

2019இல் லாகூர்க்காரர் அர்ஸ்லான் ஆஷ் ஜப்பானிலும் லாஸ் வேகாஸிலும் நடந்த ஈவோ சண்டை ஆட்டப் போட்டிகளில் டெக்கன் 7 பட்டங்களை வென்றார். நம்மூர் மாதிரியான ஓர் ஊரிலிருந்து போனவர் உலகத்தை ஜெயித்தார் என்று எல்லாரும் கொண்டாடியபோது, எனக்குச் சித்தி மகனின் முகம்தான் நினைவில் வந்தது. அவன் அந்த உயரத்துக்குப் போயிருப்பான் என்று சொல்லவரவில்லை. தன்னால் எதுவரை முடியும் என்று பார்க்கவே நான் அவனை விடவில்லை.

இப்போது டெக்கன் 8 வாங்கி, தனிக் கன்ட்ரோலரில் முதல் பாடத்திலிருந்து படிக்கிறேன். ஆட்டம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது. பெரும்பாலான ஆட்களின் இடக்கைக் குத்து 10 ஃபிரேமில், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கில், வந்து விழுகிறது. பார்த்து யோசித்து அமுக்க நேரம் கிடையாது. கை முன்னமே பழகியிருக்க வேண்டும். அதற்கு அவன் மத்தியானங்களில் செய்ததைத் தவிர வேறு வழியில்லை. பிராக்டிஸ் மோடில் நாம் அமுக்கும் ஒவ்வொன்றும் திரையோரம் வரிசையாகப் பதிவாகும். நான்கு அமுக்கல் போதுமான இடத்தில் என் வரிசை அதைப்போல இரண்டு மடங்கு நீள்கிறது. மிச்சமாக அமுக்கியது வேறொரு அடியாகக் கிளம்பிவிடுகிறது. அதற்குள் எதிராளி தரைக்கு வந்துவிடுகிறான். சித்தி மகன் அன்றே தாண்டிய இடத்தில் நான் இன்று நிற்கிறேன்.

சமீபத்தில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. "அப்பம் என் உதை சரியாத்தான் இருந்துதா அண்ணே?" என்று கேட்டான். இத்தனை வருஷம் கழித்தும் அவன் தெரிந்துகொள்ள விரும்பியது அதைத்தான். "சரியாத்தான் இருந்துது மக்கா" என்றேன். மன்னிப்பும் கேட்டேன்.

ஆனால் அவனைத் தனியாக வைத்து நான் அவமானப்படுத்தவில்லை. பத்துப் பேர் நடுவில் செய்தேன். ஆகவே தனியாகக் கேட்ட மன்னிப்பு போதாது. அன்று பின்னால் நின்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவனுக்கு டைமிங் இருந்தது, கையும் வந்தது. உழைத்துக் கற்றதும் அவன்தான். ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்ட எனக்கு ஒன்றும் தெரியாது.